நோட்டில் சிவப்பு வட்டம்

என் மகள் பிறந்தபோது பின்னந்தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பை இருந்தது. மண்டையோடு சரியாக மூடாததால், அந்த இடைவெளி வழியே மூளையின் சவ்வும் கொஞ்சம் மூளைத் திசுவும் வெளியே பிதுங்கியிருந்தன. என்செபலோசீல் என்றார்கள். நான்காம் நாள் பெங்களூரில் அறுவை சிகிச்சை செய்து பையை அகற்றினார்கள். அதன் பிறகு வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: பிள்ளை நடப்பாளா, பேசுவாளா?

ஓரிடத்தில் எம்.ஆர்.ஐ. ஃபிலிமை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "தேறாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பாலக்கோடு வந்து சேரும்வரை பஸ்ஸில் நானும் கணவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சொல்மேல் இன்றும் எனக்குக் கோபம் தீரவில்லை.

அடுத்துப் பார்த்த குழந்தை நரம்பியல் மருத்துவர் அரை மணி நேரம் உட்காரவைத்து விளக்கினார். பையில் வெறும் நீரும் சவ்வும் மட்டும் இருந்த குழந்தைகள் பெரும்பாலும் நன்றாக வருவார்கள். மூளைத் திசு எவ்வளவு வெளியே வந்திருந்ததோ அவ்வளவுக்குக் கவலை கூடும். தலை சிறுத்திருப்பது, மூளைக்குள் நீர் கோர்ப்பது, வலிப்பு வருவது, மற்ற உறுப்புகளிலும் குறை இருப்பது, இவை ஒவ்வொன்றும் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கும். பை பின்பக்கம் இருந்ததால் பார்வையையும் தள்ளாட்டத்தையும் தனியாகக் கவனிக்க வேண்டும். "ஒரே மாதிரி ஸ்கேன் உள்ள இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு வாருங்கள். அவள் செய்வதைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார்.

நான் தையல் வேலை செய்பவள். தலைச் சுற்றளவை வாரம் ஒருமுறை அளக்கச் சொன்னதும் கடை டேப்பையே எடுத்தேன். அது நாளடைவில் இழுபட்டு நீண்டிருக்கும் என்று செவிலியர் இழுபடாத டேப் ஒன்றைக் கொடுத்தார். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கிப் பின்னந்தலையைச் சுற்றி மூன்று முறை அளந்து, பெரிய எண்ணை நோட்டில் எழுத வேண்டும். முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 2 செ.மீ. வளர்வது இயல்பு. எங்கள் பிள்ளைக்கு இரண்டாம் மாதம் ஒரே வாரத்தில் 1.5 செ.மீ. ஏறியிருந்தது. உச்சிக்குழி புடைத்திருந்தது, கண்மணிகள் கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிந்தது. அன்றிரவே கிளம்பினோம். ஓசூர் தாண்டும்போது விடிந்தது. மூளையில் கோர்த்த நீரை வடிக்க, தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஷன்ட் என்ற குழாய் வைத்தார்கள். அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மாமியார் அழுதார். கருவின் முதல் சில வாரங்களிலேயே நேர்ந்துவிடும் குறை இது என்று மருத்துவர் அவரிடமே சொன்னார். அடுத்த குழந்தை வேண்டுமென்றால், கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரையைத் தான் எழுதித் தரும் அளவில் தொடங்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

2013-இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறவிக் குறையுள்ள பிள்ளைகளை 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். அதன்கீழ் இயங்கும், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் டி.இ.ஐ.சி. மையத்துக்கு வாரம் இரண்டு நாள் தர்மபுரி போய்வருகிறோம். கழுத்து நிற்க ஏழு மாதம் ஆனது. தானாக உட்கார 14 மாதம். இப்போது இரண்டரை வயதில் சுவரைப் பிடித்து நடக்கிறாள், நான்கு சொல் பேசுகிறாள். புதிதாக ஒன்று செய்யும்போதெல்லாம் தேதியோடு நோட்டில் ஏறிவிடும். மருத்துவர் இப்போது ஃபிலிமைக் கேட்பதற்கு முன் நோட்டைக் கேட்கிறார்.

வரும் மாதம் கண் பரிசோதனை. வலப்பக்கம் வைத்த நூல்கண்டை உடனே எடுக்கிறாள், இடப்பக்கம் வைத்ததைத் தலையைத் திருப்பித் தேடுகிறாள் என்று எழுதி வைத்திருக்கிறேன்.