கண்மாய் நீரில் கன உலோகம்: பாக்டீரியா அறிந்து சொல்வது

மதுரையில் கேன் தண்ணீர் போடுபவர் முதல் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் வரை பலரும் டிடிஎஸ் மீட்டரை நீரில் நனைத்து, எண் குறைந்திருந்தால் நல்ல தண்ணீர் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் கருவியோ, மின்கடத்தும் திறனைக் கொண்டு கரைந்த உப்புகளின் மொத்த அளவை மதிப்பிடுவது மட்டுமே. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் கரைந்த பொருள்கள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. காரீயத்தின் எல்லையோ 0.01 மில்லிகிராம். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கான அந்த வேறுபாடு மீட்டரில் தெரியவே தெரியாது.

தெரிந்துகொள்ளும் ஆற்றல் பாக்டீரியாக்களுக்கு இயல்பிலேயே உண்டு. ஆர்சனிக் உள்ளே நுழைந்தால் அதை வெளியேற்றும் மரபணுக்கள் பல பாக்டீரியாக்களில் உள்ளன. உலோகம் இல்லாதபோது ‘ஆர்ஸ்ஆர்’ என்னும் புரதம் டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்கி வைத்திருக்கும், ஆர்சனிக் வந்து ஒட்டியதும் பிடியை விட்டுவிடும். அந்த இடத்தில் ஒளிரும் மரபணு ஒன்றை ஆய்வாளர்கள் இணைத்துவிட்டால், நஞ்சு வந்த செய்தி வெளிச்சமாக வெளிப்படும். வியட்நாமின் நிலத்தடி நீரில் ஆர்சனிக்கைக் கண்டறிய இவ்வாறு மாற்றப்பட்ட ஈ.கோலை என்னும் பாக்டீரியாவைப் பயன்படுத்திய ஆய்வு 2005ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. பாதரசத்துக்கு ‘மெர்ஆர்’ என்று வேறொரு புரதம் இருக்கிறது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. அமிலமிட்டுப் பக்குவப்படுத்திய நீரை ஆய்வகத்தின் பெரிய இயந்திரம் அளக்கும்போது, வண்டலோடு ஒட்டிக் கிடக்கும் உலோகமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பாக்டீரியாவோ, உயிருள்ள செல்லுக்குள் புகக்கூடிய பங்கை மட்டுமே உணர்கிறது. நகரக் கழிவுநீரைச் சுமக்கும் கிருதுமால் நதியிலும், சேறும் ஆகாயத்தாமரையும் மண்டிய கண்மாய்களிலும் இந்த வேறுபாட்டைப் புறக்கணிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மீனுக்கும் பயிருக்கும் போய்ச் சேரும் பங்கை நெருங்கிக் காட்டுவது பாக்டீரியா உணரும் அளவுதான்.

ஆனால் ஒளி வரவில்லை என்பதாலேயே நீர் தூயது என்று கொள்ளக் கூடாது. நஞ்சு மிகுந்தால் பாக்டீரியாவே மடிந்து இருளாகிவிடும்; ஆகவே எப்போதும் ஒளிரும் இன்னொரு வகையையும் அதே நீரில் விட்டு ஒப்பிட வேண்டும். சில உணர்வுப் புரதங்கள் துத்தநாகம், காட்மியம், காரீயம் மூன்றுக்கும் பதிலளிக்கும் என்பதால், எந்த உலோகம் என்பதை இயந்திரமே உறுதிசெய்ய வேண்டும். மரபணு மாற்றிய உயிரிகள் குறித்த 1989ஆம் ஆண்டு விதிகள் நம் நாட்டில் நடைமுறையில் இருப்பதால், இவற்றைக் கரையில் திறந்து ஊற்றாமல், அனுமதி பெற்ற ஆய்வகத்தில் மூடிய குப்பிக்குள் சோதித்து, பின்பு அழித்துவிட வேண்டும்.

மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் நுண்ணுயிரியல் துறை உள்ள கல்லூரிகள் இதை ஏற்று நடத்தலாம். முலாம் பட்டறைகளின் கழிவோ, பழைய பேட்டரி உடைக்கும் இடங்களின் கழிவோ வந்து சேரும் கண்மாய்களில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், வரத்துக்கால் வாயிலும் மடை வாயிலும் நீர் எடுத்துச் சோதிக்கட்டும். ஒளிர்ந்தவற்றையும், ஒப்பீட்டு வகை மங்கிப்போனவற்றையும் முதலில் இயந்திர ஆய்வுக்கு அனுப்பட்டும்.