257வது பாட்டைத் தாண்டாத பிளேலிஸ்ட்

மூணு நாளா மண்டைய உடைச்சிட்டு இருந்தது நேத்து ராத்திரிதான் பிடிபட்டுச்சு. ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர்ல செஞ்ச பாட்டுப் பெட்டில 412 பாட்டு, எல்லாம் பாஷ்ங்கற ஷெல்ல (கமாண்ட் எழுதுற மொழி) ஒரே அர்ரேல, அதாவது நம்பர் போட்ட வரிசைல கெடக்கு, இப்ப ஓடுற பாட்டு எந்த இடத்துல இருக்குன்னு ஒரு ஃபங்ஷன் தேடிச் சொல்லும், அதுல ஒண்ணைக் கூட்டி அடுத்ததைப் போடணும், அவ்ளோதான் வேலை. ஆனா பாதிக்கு மேல போனதும் லிஸ்ட் திரும்ப ஆரம்பத்துக்கே ஓடிடுது. "அந்தக் கடைசில சேர்த்த பாட்டெல்லாம் எங்கடா"ன்னு அம்மா வேற.

முதல்ல ஃபைல் பேர் மேலதான் சந்தேகம். சில பேர்ல சதுர அடைப்புக்குள்ள 320னு இருக்கு. பேர் ஒத்துப் போகுதான்னு பாக்குற ரெட்டைச் சதுர அடைப்பு டெஸ்ட்ல வலது பக்கத்தைக் கோட்ஸ் (மேற்கோள் குறி) இல்லாம விட்டா பாஷ் அதை பேட்டர்னா எடுத்துக்கும், அப்போ அடைப்புக்குள்ள இருக்குற 320ங்கறது மூணு, ரெண்டு, சைபர்ல ஏதாவது ஒரே ஒரு எழுத்துன்னு அர்த்தம், பேர் தன்னோட தானே பொருந்தாது! கோட்ஸ் போட்டதும் அது சரியாச்சு. வரி தேடுற கிரெப் கமாண்டுக்கு மாறலாம்னு பாத்தா அது 1ல இருந்து எண்ணுது, முழு வரியா, எழுத்துக்கு எழுத்தா பாருன்னு சொல்ற எக்ஸ், எஃப் ஆப்ஷன் குடுக்கலன்னா பாதிப் பேரையே பிடிச்சிட்டு வந்து நிக்குது, வேணாம்னு விட்டுட்டேன்.

ஆனாலும் லிஸ்ட் திரும்புறது நிக்கல. ராத்திரி முழுக்க ஓடவிட்டு லாக் பாத்தப்பதான் ஒண்ணு உறுத்துச்சு, ஆரம்பத்துக்குப் போகும்போது முதல் பாட்டு வரல, ரெண்டாவதுதான் வருது. எதுக்கு ரெண்டாவது? அப்பதான் பொறி தட்டுச்சு. நான் இடத்தை ஃபங்ஷன் முடியும்போது திருப்பித் தர்ற ரிட்டர்ன் நம்பர்ல அனுப்புறேன், ஷெல்ல ரிட்டர்ன் 0ல இருந்து 255 வரைக்கும்தான் தாங்கும், 256ன்னு அனுப்பினா மறுபக்கம் 0ன்னு வந்து விழும், அதோட ஒண்ணு கூட்டினா ரெண்டாவது பாட்டு. அர்ரே சைபர்ல ஆரம்பிக்கிறதால 256ங்கறது 257வது பாட்டு, அங்கதான் கரெக்டா மடங்குது. சின்ன லிஸ்ட்டா இருந்தா ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப இடத்தை எக்கோ கமாண்ட்ல எழுத்தா அச்சடிச்சு வெளிய வாங்கிக்கிறேன், ரிட்டர்ன்ல கிடைச்சுதா இல்லையாங்கறது மட்டும்.

பேரைக் குடுத்தா நேரா இடத்தைச் சொல்ற அசோசியேட்டிவ் அர்ரே போட்டா தேடவே வேணாமேன்னு கேப்பீங்க. எழுதிப் பாக்குறது மேக்ல, அதுல இருக்குறது பாஷ் 3.2, அந்த வசதி வந்ததே 4.0ல, 2009ல. ஜீஷெல்னு இன்னொரு ஷெல் இருக்குன்னா அது அர்ரேயை ஒண்ணுல இருந்து எண்ணும், இன்னொரு தலைவலி.

ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு புஷ் பட்டன் வாங்கி வெச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை சால்டர் பண்ணணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கி, அன்செட் கமாண்ட் போட்டு அர்ரேல இருந்து தூக்கின பாட்டோட இடம் அப்படியே ஓட்டையா நிக்குது, ஒண்ணு கூட்டினா நேரா அதுக்குள்ள விழுந்து பிளேயர் ஊமையாயிடுது.