குத்தகை முடிந்தும் நகராத குழாய்

மினியாபொலிஸில் இருக்கும் நம்மவர்கள் செப்டம்பர் பிற்பாதி வந்தால் இலை நிறம் மாறுவதைப் பார்க்க வடக்கே காரைக் கிளப்பிவிடுவார்கள். டுலூத், அங்கிருந்து சுப்பீரியர் ஏரிக்கரையோரமாக பேஃபீல்டு, ஒரு படகுச் சவாரி, நாலு போட்டோ, அவ்வளவுதான். 2024-இல் நானும் அதே பாதையில்தான் போனேன், ஆனால் இலையைவிட ஒரு எண்ணெய்க் குழாய்தான் எனக்கு முக்கியமாக இருந்தது. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயில் பார்க்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

குழாயின் பெயர் லைன் 5. கனடாவின் என்பிரிட்ஜ் நிறுவனத்துடையது. 1953-இல் போட்டது, 645 மைல் நீளம், நாளொன்றுக்கு 5,40,000 பீப்பாய் வரை ஓடுகிறது. டுலூத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சுப்பீரியர் என்ற ஊரில் தொடங்கி விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களைக் கடந்து மறுபடி கனடாவின் சார்னியாவில் போய் முடிகிறது. கனடா எண்ணெய் கனடாவுக்கே போக அமெரிக்கா ஒரு குறுக்குவழி, அந்தக் குறுக்குவழியில் சுமார் 12 மைல் பேட் ரிவர் ஒஜிப்வே என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் ரிசர்வேஷனுக்குள், அதாவது அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்குள், போகிறது.

ஆஷ்லாந்தைத் தாண்டி நெடுஞ்சாலை 2-இல் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் ஒடானா வந்துவிடும். சின்ன ஊர், ஒரு காசினோ, பெட்ரோல் பங்க், பழங்குடி அரசின் அலுவலகங்கள். குழாய் போகும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை, காட்டுக்கு நடுவே மரமில்லாத ஒரு நேர்கோடு தெரியும், அதன் ஓரத்தில் எச்சரிக்கை எழுதிய மஞ்சள் குச்சிகள். இதற்கா இத்தனை வருஷம் கோர்ட், கேஸ் என்று தோன்றும் அளவுக்குச் சாதாரணமான காட்சி.

வழக்கு என்னவென்று பார்த்தால் நம் ஊர் ஆளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும், வாடகை ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாத குடித்தனக்காரர் விவகாரம்தான். குழாய் போக அனுமதித்த வழியுரிமைகளில் 15 நிலத்துண்டுகளுக்கானவை 2013-இல் காலாவதியாகிவிட்டன. புதுப்பிக்க மாட்டோம், குழாயை எடுங்கள் என்று 2017 ஜனவரியில் பழங்குடி மன்றம் தீர்மானம் போட்டது. நிறுவனம் எண்ணெய் ஓட்டுவதை நிறுத்தவில்லை. 2019-இல் பழங்குடி அரசு ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது.

இதைச் செய்திகளில் 'சுற்றுச்சூழல் போராட்டம்' என்றுதான் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுற்றுச்சூழல் கவலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது, ஆனால் கேட்பவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

நிறுவனம் சொன்ன பதிலும் சுவாரசியமானது. 1992-இல் பழங்குடியோடு போட்ட இன்னொரு ஒப்பந்தம் 2043 வரை செல்லும், அது வேறு நிலத்துண்டுகளுக்கானது என்றாலும், குழாய் மொத்தமும் தொடர்ந்து ஓட நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம் என்று வாதாடினார்கள். நீதிபதி வில்லியம் கான்லி அதை ஏற்கவில்லை. பழங்குடிக்குப் பங்கு இருக்கும் 12 துண்டுகளில் 2013-இலிருந்து நடப்பது அத்துமீறல் என்று 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டார். அப்புறம் 2023 ஜூனில், சுமார் 51 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும், 2026 ஜூன் 16-க்குள் அந்த நிலத்தில் குழாய் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. அத்துமீறல்தான், ஆனாலும் மூன்று வருஷ அவகாசம்! உடனே மூடினால் அந்தப் பகுதிக்கே எரிபொருள் தட்டுப்பாடு வரும் என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு தரப்பும் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டன, 2024 பிப்ரவரியில் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. 1977-இல் அமெரிக்காவும் கனடாவும் குழாய்களுக்காகவே போட்டுக்கொண்ட உடன்படிக்கையைக் கனடா அரசு கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

உடன்படிக்கை என்று வந்துவிட்டால் ஒஜிப்வே மக்களிடம் அதைவிடப் பழையது இருக்கிறது. அதற்காகத்தான் பேஃபீல்டிலிருந்து படகேறி மேடலின் தீவுக்குப் போனேன், இருபது நிமிஷம்கூட உட்கார்ந்த மாதிரி இல்லை, லா பாய்ன்ட் வந்துவிட்டது. தண்ணீரில் உணவு விளையும் இடம் வரும்வரை நடங்கள் என்று முன்னோருக்குச் சொல்லப்பட்டதாகவும், கிழக்கே கடற்கரையிலிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்ந்ததாகவும் அவர்கள் சொல்லும் கதை. 1850-இல் அவர்களை இங்கிருந்து மேற்கே நகர்த்த அரசு ஒரு தந்திரம் செய்தது. ஒப்பந்தப்படி அவர்களுக்கு அரசு தர வேண்டிய வருடாந்திரத் தொகையை மினசோட்டாவின் சாண்டி ஏரியில்தான் தருவோம் என்று வரவழைத்துவிட்டு, பணத்தையும் உணவையும் தராமல் குளிர்காலம்வரை காக்கவைத்தார்கள். பசியிலும் நோயிலும் திரும்பும் வழியிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1852-இல் தொண்ணூறு வயது தாண்டிய தலைவர் பஃபலோ, பூர்ச்ச மரப்பட்டைப் படகில் ஏறி வாஷிங்டனுக்குக் கிளம்பி, ஜனாதிபதி ஃபில்மோரை நேரில் பார்த்து அந்த வெளியேற்ற உத்தரவை நிறுத்தவைத்தார். 1854-இல் லா பாய்ன்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தில்தான் பேட் ரிவர் ரிசர்வேஷன் பிறந்தது. அவர் சமாதி தீவிலேயே படகுத்துறைக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன், உள்ளே போய் செல்ஃபி எடுக்கும் இடமில்லை அது.

தண்ணீரில் விளையும் உணவு என்றது காட்டரிசி. பேட் ரிவர் ஏரியில் கலக்கும் இடத்தில் ககாகன் சதுப்பு நிலம் இருக்கிறது, 2012-இல் அதை ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். ஒருவர் பின்னால் நின்று கழியால் படகைத் தள்ள, இன்னொருவர் உட்கார்ந்து ஒரு குச்சியால் கதிரை வளைத்து மறு குச்சியால் மெதுவாகத் தட்டுவார், பழுத்த மணி மட்டும் படகுக்குள் விழும், மீதி தண்ணீரில் விழுந்து அடுத்த வருஷத்துக்கு விதையாகும். ஆஷ்லாந்து பக்கம் சாலையோரத்தில் ஒரு பெரியவரிடம் ஒரு பை வாங்கினேன். சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் பளபள கருப்பு அரிசி வயலில் பயிரிட்டது, முக்கால் மணிநேரம் வேகும். இது விறகில் வறுத்தது, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், இருபது நிமிஷத்தில் வெந்து பூப்போல விரிந்துவிட்டது, லேசான புகை வாசம். ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம், நன்றாகவே சேர்ந்தது.

குழாயைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பெரியவர் ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பேட் ரிவர் ஒரு இடத்தில் நிற்காத ஆறு, வளைந்து வளைந்து கரையைத் தின்றுகொண்டே போகும். 2023 வசந்த கால வெள்ளத்தில் ஒரு வளைவில் குழாய்க்கும் கரைக்கும் இடைவெளி சில இடங்களில் 15 அடிக்கும் கீழே போய்விட்டது. இதே நிறுவனத்தின் இன்னொரு குழாய் 2010-இல் மிச்சிகனின் கலமசூ ஆற்றுப் பக்கம் வெடித்தபோது, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது கசிவு என்று புரிய 17 மணிநேரம் பிடித்தது, நடுவில் இரண்டு தடவை பம்பை மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இதைப் படித்தவர்கள் 15 அடியை நம்பித் தூங்குவார்களா?

நிறுவனம் சொல்லும் தீர்வு, ரிசர்வேஷனைச் சுற்றி 41 மைலுக்குப் புதுக் குழாய். கேட்க நன்றாக இருக்கிறது. மேலன் ஊருக்குப் பக்கத்தில் காப்பர் ஃபால்ஸ் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள், அங்கே பாறைகளுக்கு நடுவே டிகாஷன் நிறத்தில் விழும் தண்ணீரும் பேட் ரிவர்தான், வடக்கே ஓடி அந்த அரிசிச் சதுப்புக்குத்தான் வந்து சேருகிறது. சுற்றுப்பாதை ரிசர்வேஷன் எல்லைக்கு வெளியே, ஆனால் ஆற்றின் மேல்பக்கத்தில். 2024 நவம்பரில் விஸ்கான்சின் மாநில இயற்கை வளத்துறை அதற்கு அனுமதி கொடுத்தது, டிசம்பரிலேயே பேட் ரிவர் தரப்பு அதை எதிர்த்து முறையிட்டுவிட்டது. நிலத்துக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி இதில் உதவாது, இனி தண்ணீரை வைத்துத்தான் வாதாட வேண்டும். ரிசர்வேஷனுக்குள் தண்ணீரின் தரம் எப்படி இருக்க வேண்டும் என்று நிர்ணயிக்கும் அதிகாரம் ஃபெடரல் சட்டப்படி அவர்களிடமே இருப்பதால் இந்த வழக்கும் லேசில் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.