கால்பணத்துக் காரும் முக்கால்பணச் சுமைகூலியும்

ஒரு பழைய கிளாசிக் கார், அதே மாடலின் நல்ல நிலையிலுள்ள கார் போகும் விலையில் பாதிக்குக் கிடைக்கிறதென்றால், மீதிப் பாதியை யாரோ அதற்குச் செலவழிக்காமல் விட்டிருக்கிறார் என்றே பொருள். முந்தைய உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட வேலைகள் அனைத்தும், சாவியோடு சேர்ந்து வாங்குபவரின் கைக்கு வந்துவிடுகின்றன. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இங்கே மிகையே இல்லை. பல கார்களில் சுமைகூலி அதையும் தாண்டிவிடுகிறது.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் என்ஜினைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என்ஜினைக் கழற்றி மேசைமேல் வைத்து, பிஸ்டன், ரிங், பேரிங் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த வேலைக்கு ஒரு முடிவு உண்டு. துருவுக்கு அப்படி எல்லை எதுவும் கிடையாது. 1960களிலும் 70களிலும் வந்த கார்களில் மிகப் பலவற்றுக்குச் சேஸிஸ் எனப்படும் தனி அடிச்சட்டகம் இல்லை, உடற்கூடுதான் பாரம் முழுவதையும் தாங்குகிறது. ஆகவே கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி அரித்துப்போனால் காரின் முதுகெலும்பே போனதாகும். வெளியிலிருந்து பார்த்தால் கதவின் கீழ்விளிம்புக்கு அருகே பட்டாணி அளவுக்குப் பெயிண்ட் உப்பியிருக்கும், அவ்வளவுதான். விரல் நகத்தால் அழுத்தினால் அது பொலபொலவென்று உதிரும். உள்ளே தகடு இராது, எப்போதோ யாரோ பூசி மெழுகிய பட்டிதான் இருக்கும். நல்ல இரும்பு தொடங்கும் இடம்வரை வெட்டியெடுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் கூடு தொய்ந்து கதவுகள் மூடாமல் போய்விடாதபடி உள்ளே குறுக்கே முட்டுக்கொடுக்க வேண்டும். அதன் பிறகே புதுத் தகட்டை வளைத்து வெல்டிங் செய்ய முடியும். தகட்டின் விலை அற்பம். கூலிதான் மணிக்கணக்கில் ஏறுகிறது, அது எத்தனை மணி என்பதை வெட்டிப் பார்க்காமல் எந்த நேர்மையான டிங்கரும் சொல்லமாட்டார். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப்போய் உடல் முழுவதும் வைத்துப் பார்ப்பது நல்லது. எஃகு உடலில் அது ஒட்டாத இடமெல்லாம் பட்டி.

மலிவானவற்றிலேயே ஆபத்தானவை, ஒரு காலத்தில் மிக விலையுயர்ந்தவையாக இருந்து இறங்கி வந்த கார்கள். 1965 முதல் 1980 வரை தயாரான ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ இதற்குச் சரியான உதாரணம். மோசமான நிலையிலுள்ள ஒன்றைச் சாதாரணப் புதுக் காரின் விலைக்கும் குறைவாக வாங்கிவிடலாம். ஆனால் அதன் பிரேக்கையும் சஸ்பென்ஷன் மட்டத்தையும் இயக்குவது சித்ரோயன் என்ற பிரெஞ்சு கார் நிறுவனத்தின் உரிமத்தின்கீழ் அமைந்த உயரழுத்த ஹைட்ராலிக் அமைப்பு. அதற்கென்று உரிய பிரேக் திரவத்துக்குப் பதிலாக, பின்னால் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கான கனிம எண்ணெயை யாராவது தெரியாமல் ஊற்றியிருந்தால், ரப்பர் சீல்கள் அனைத்தும் கெட்டு அமைப்பு முழுவதையும் பிரிக்க வேண்டியதாகிவிடும். கார் விலை சரிந்ததற்காக அதன் உதிரிபாகங்களும் மெக்கானிக்கும் சேர்ந்து மலிந்துவிடுவதில்லை.

இதனால்தான் என் ஓட்டு எப்போதும் ஏராளமாக விற்ற சாதாரணக் கார்களுக்கே. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2003 வரை 2.1 கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அதற்குக் கிடைக்காத பாகம் அபூர்வம். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கோ புதிய உடற்கூடே முழுதாக வாங்கக் கிடைக்கிறது. அபூர்வமான மாடலில் உடைந்த ஒரு விளக்குக் கண்ணாடி, குழி விழுந்த ஒரு குரோம் பட்டை என்று அற்பப் பொருள்களே மாதக்கணக்கில் காரை நிறுத்திவைக்கும்.

ஓடாமல் நின்ற காரைக் குறைவாக ஓடியது என்று பெருமையாக விற்பார்கள். நின்றதே அதற்குக் கேடு. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சி சிலிண்டர்களை உள்ளிருந்தே அரிக்கும். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும். டயரில் ஆழம் நிறைய இருந்தாலும் பக்கவாட்டிலுள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2308 என்றால் 2008ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அவ்வளவு பழைய டயரை மாற்றியே ஆக வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த என்ஜின் என்றால், ஈயமில்லாத இன்றைய பெட்ரோலைத் தாங்கும்படி வால்வு வந்து அமரும் வளையங்களை (வால்வு இருக்கைகளை) ஏற்கெனவே மாற்றிவிட்டார்களா என்றும் கேட்க வேண்டும்.

சாதாரண மாடல்களை முழுதாகப் புதுப்பிக்க ஆகும் செலவு, புதுப்பித்த பின் அந்தக் கார் போகும் விலையைப் பெரும்பாலும் மிஞ்சிவிடும். அந்த நஷ்டத்தை ஏற்கெனவே வேறொருவர் தாங்கிவிட்ட காரை, கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே கணக்குக்குச் சரி. விற்பவர் பில்களை எடுத்துக் காட்டும்போது வெல்டிங் நடந்த சமயத்துப் புகைப்படங்களையும் கேளுங்கள். பளபளக்கும் புதுப் பெயிண்ட்டின் படங்கள் மட்டுமே இருந்தால், காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேரத்தைத் தொடங்கலாம்.