ஜோர்ஜியன் பேயில ஜிபிஎஸ்ஸை எவ்வளவு தூரம் நம்பலாம்

சமர் துவங்கினாக் காணும், "அண்ணை, ஒரு போட் எடுத்திருக்கிறன், எந்த ஆப் போட்டா நல்லது?" எண்டு ஆராவது கேக்கத் துவங்கிடுவினம். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருந்து எங்கட ஆக்கள் இப்ப கனபேர் 18 அடி, 20 அடி போட் வாங்கி ட்ரெய்லர்ல கட்டி இழுத்துக்கொண்டு 400 ஹைவேயால மேல ஏறி ஜோர்ஜியன் பேக் கரையில இருக்கிற போர்ட் செவர்ன், ஹனி ஹார்பர், மிட்லண்ட் எண்டு போயினம், பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போயினம், எனக்கு அதில உண்மையிலேயே சந்தோசம். ஆனா முதல் கேள்வியே ஆப் பற்றி வாறதுதான் எனக்குப் பயம். ஆப் எதெண்டாலும் பரவாயில்ல. அதில என்னத்தைப் பாக்கிறம், எதை நம்புறம் எண்டதிலதான் எல்லாம் இருக்கு.

இன்னொண்டையும் சொல்லோணும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கடலைப் பாத்து வளந்த ஆக்களே "இது ஏரிதானே" எண்டு சொல்லுறதைக் கேட்டிருக்கிறன். ஹியூரன் ஏரியின்ர ஒரு குடாதான் ஜோர்ஜியன் பே, அது மட்டும் ஏறக்குறைய 15,000 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாண மாவட்டம் முழுக்கச் சேத்தாலும் அதில பதினைஞ்சில ஒரு பங்குதான் வரும். மேற்கில இருந்து காத்து எழும்பிச்செண்டா வெளிப்பக்கத்தில அலை சும்மா அலை இல்ல. அதுக்கு மேல இந்தக் கிழக்குக் கரை முழுக்கக் கல்லு. முப்பதினாயிரம் தீவு எண்டு சொல்லுறது தண்ணிக்கு மேல தெரியிறதை மட்டும்தான்.

சரி, ஜிபிஎஸ்ஸுக்கு வருவம். வானம் வெளியாத் தெரியிற இடத்தில இப்ப கையில இருக்கிற போனே 5 மீற்றர் மட்டில நீங்கள் நிக்கிற இடத்தைக் காட்டிடும். 2000ஆம் ஆண்டு மே மாசம் வரைக்கும் அமெரிக்க ராணுவம் வேணுமெண்டே சிக்னலைக் குழப்பி விட்டிருந்ததால 100 மீற்றர் வரைக்கும் பிழைக்கும், பிறகு அதை நிப்பாட்டிட்டினம். போட்டில பூட்டுற சார்ட்பிளொட்டருக்கு, அதாவது சார்ட்டில நிக்கிற இடத்தைக் காட்டுற ஜிபிஎஸ் திரைக்கு, வாஸ் எண்ட திருத்தச் சிக்னலும் கிடைச்சா இன்னும் கிட்டக் காட்டும். அப்ப ஸ்கிரீன்ல இருக்கிற அந்தச் சின்ன முக்கோணம் அநேகமாச் சரியான இடத்திலதான் நிக்குது. அதுக்குக் கீழ விரிச்சிருக்கிற சார்ட், அதுதான் ஆழமும் கல்லும் காட்டுற தண்ணி வரைபடம், இருக்கே, அதை ஆர் எப்ப எப்பிடி அளந்தவை எண்டதுதான் பிரச்சினை, அதுக்கும் சட்டலைட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

1882 செப்டம்பர்ல ஏசியா எண்ட நீராவிக் கப்பல் இந்தக் குடாவில புயலுக்குள்ள தாண்டு நூறு பேருக்கு மேல செத்துப்போச்சினம், தப்பினது ரெண்டே ரெண்டு இளம் ஆக்கள். அதுக்குப் பிறகு எழும்பின கூக்குரலிலதான் 1883ல போல்ற்றன் எண்ட கடற்படை அதிகாரியை வைச்சு ஜோர்ஜியன் பேயை ஒழுங்கா அளக்கத் துவங்கினவை. அதுக்கு முதல் இருந்தது 1820கள் மட்டில பேஃபீல்ட் எண்ட பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி அளந்த சார்ட்கள். கயித்தில ஈயக்குண்டைக் கட்டி இறக்கி இறக்கி ஆழம் பாத்த காலம் அது. குண்டு இறங்கின புள்ளியில ஆழம் தெரியும், அந்தப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில என்ன இருக்கெண்டு தெரியாது. பிறகு எத்தினையோ இடத்தைத் திருப்பி அளந்திட்டினம், பெரிய கப்பல் போற வழியெல்லாம் வடிவா அளந்திருக்கு, ஆனா எல்லா மூலையும் அப்பிடி இல்ல. கடதாசிச் சார்ட் சிலதில ஒரு ஓரத்தில சின்னப் படமொண்டு போட்டு எந்தப் பகுதி எந்த ஆண்டில அளந்தது எண்டு காட்டியிருப்பினம். போக முதல் அதை ஒருக்காப் பாருங்கோ, அப்ப விளங்கும் எந்தப் பக்கம் காலை நீட்டக்கூடாதெண்டு.

இஞ்சத்தைய கல்லு மணல்திட்டு மாதிரி மெல்லமா ஏறி வராது. கனேடியன் ஷீல்ட் கருங்கல்லு, பனிப்பாறை தேய்ச்சு விட்ட முதுகுகள், அதுகள் தீவா எழும்பி, தாண்டு, திருப்பி எழும்புதுகள். 60 அடித் தண்ணியில ஓடிக்கொண்டிருப்பியள், அடுத்த நிமிசம் 2 அடி. உதாலதான் ஆழம் பாக்கிற மெசினையும் முழுக்க நம்ப ஏலாது, அது உங்களுக்கு நேர கீழ இருக்கிறதைத்தான் சொல்லும், முன்னுக்கு இருக்கிறதைச் சொல்லாது. அது 3 அடி எண்டு காட்டேக்க புறொப்பெல்லர் அநேகமாக் கல்லுக்கு மேல வந்திட்டுது.

இப்ப நான் எல்லாருக்கும் செய்து காட்டுற ஒரு விசயம். ஹனி ஹார்பருக்கும் பொசொலெயில் தீவுக்கும் இடையில இருக்கிற பகுதியை ஸ்கிரீன்ல எடுங்கோ. முழுக் குடாவும் தெரியிற மாதிரி சூம் அவுட் பண்ணினா தீவுகள், நடுவில வெறும் தண்ணி, நேர கோடு போட்டுக்கொண்டு போகலாம் போல இருக்கும். ரெண்டு தரம் சூம் இன் பண்ணுங்கோ, ஆழ இலக்கங்கள் வரும். இன்னும் ரெண்டு தரம் பண்ணுங்கோ, முதல் ஒண்டுமே இல்லாத இடத்தில சின்னச் சின்ன கூட்டல் அடையாளம் முளைக்கும், பக்கத்தில நட்சத்திரம் மாதிரி அடையாளம். கூட்டல் எண்டா தண்ணிக்குக் கீழ கல்லு. அதுகள் முதலும் அங்கதான் இருந்ததுகள், ஸ்கிரீன்தான் இடம் காணாதெண்டு மறைச்சு வைச்சது. இது எந்தக் கொம்பனிச் சார்ட்டிலயும் கூடிக் குறைஞ்சு இருக்கிற விசயம், அதுகளின்ர அமைப்பே அப்பிடித்தான். 2014 நவம்பர் 29ஆம் திகதி வோல்வோ ஓஷன் ரேஸ்ல ஓடின வெஸ்ராஸ் விண்ட் எண்ட பாய்க்கப்பல் இந்து சமுத்திரத்தில, மொரீசியசுக்கு வடகிழக்கில, கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில ஏறிச்சுது. உலகத்தின்ர திறமான ஓட்டக்காரர், விலை கூடின கருவியள் எல்லாம் இருந்தது. பிறகு விசாரிச்சு எழுதின அறிக்கையில சொன்ன காரணங்களில ஒண்டு அவை சார்ட்டைப் போதுமான அளவு சூம் பண்ணிப் பாக்கேல்ல எண்டது. அதனால ரூட் போட்டா வீட்டில இருந்தே, ஆறுதலா, அந்தக் கோடு முழுக்கலும் கிட்டச் சூம் பண்ணித் துவக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் விரலால தள்ளித் தள்ளிப் பாருங்கோ. அரை மணித்தியாலம் போகும், போகட்டும்.

நிறத்தையும் கவனியுங்கோ. கனடாச் சார்ட்டில நீலம் எண்டா ஆழம் குறைஞ்ச இடம், வெள்ளைதான் ஆழம். புதுசா வாற ஆக்கள் நீலத்தைக் கண்டோடன நல்ல ஆழத் தண்ணி எண்டு நினைக்கிறவை. அடுத்தது அடியா மீற்றரா எண்ட செட்டிங். "6" எண்டு தெரியுது, 6 மீற்றர் எண்டா பயமில்லை, 6 அடி எண்டா அலை அடிக்கிற நாளில பயம். போட் வாடைக்கு எடுத்தா முதல் ஆள் எதில விட்டிட்டுப் போனவரெண்டு தெரியாது, நீங்களே திறந்து பாக்கோணும்.

தண்ணி மட்டம் பற்றி ஆக்கள் கதைக்கிறதே குறைவு, எனக்கு இதுதான் பெரிய விசயம். சார்ட்டில போட்டிருக்கிற ஆழம் இண்டைக்கு இருக்கிற ஆழம் இல்ல. ஹியூரன் ஏரிக்கும் ஜோர்ஜியன் பேக்கும் 176.0 மீற்றர் எண்ட ஒரு மட்டத்தை வைச்சு, அதுக்குக் கீழ எவ்வளவு எண்டுதான் எழுதியிருக்கினம். 1986 ஒக்டோபர்ல மாசச் சராசரி 177.50 வரைக்கும் ஏறினது, 2013 ஜனவரியில 175.57க்கு இறங்கினது. ரெண்டுக்கும் இடையில ஏறக்குறைய 2 மீற்றர். சார்ட்டில 1 மீற்றர் எண்டு போட்டிருந்த இடத்தில 2013 ஜனவரி மாதிரி ஒரு நேரம் போனா அரை மீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணிதான் இருக்கும். அதாலதான் "போன வருசம் அந்த வழியால போனனாங்கள், ஒண்டும் நடக்கேல்ல" எண்ட கதையை நான் எடுக்கிறேல்ல. கனடா நீர்ப்பரப்பு அளவைத் திணைக்களம் மட்டத்தைப் போட்டுக்கொண்டே இருக்கினம், போற காலமை அதைப் பாத்து 176.0 எண்டதோட கூட்டிக் கழிச்சுப் போட்டுப் போங்கோ.

"கோ டூ" எண்ட பட்டனைப் பற்றி. ஒரு இடத்தைத் தொட்டு அதை அமத்தினா ஜிபிஎஸ் நேர கோடு கீறித் தரும், நடுவில தீவு இருக்கோ கல்லிருக்கோ அதுக்குக் கவலை இல்ல. ஆட்டோ ரூட் போடுற ஆப்கள் கொஞ்சம் விலத்திப் போடும், ஆனா அதுவும் தன்னட்ட இருக்கிற சார்ட்டை வைச்சுத்தான் போடுது. போர்ட் செவர்ன்ல இருந்து பரி சவுண்டுக்குப் போறதுக்குச் சின்னப் போட்டுகளுக்கெண்டே மிதவை வைச்ச ஒரு வழி இருக்கு, 2202ஆம் இலக்கச் சார்ட்டில கோடு கீறி இருக்கும். முதல் ஒண்டு ரெண்டு சீசனுக்கு அந்தக் கோட்டை விட்டு வெளியில போகாதேங்கோ. பாக்கிற இடமெல்லாம் அந்தக் கோட்டிலயே கனக்க இருக்கு. சிவப்பு மிதவை எந்தப் பக்கம், பச்சை எந்தப் பக்கம் எண்டதுக்கு எந்தத் திசை மேல்நோக்கின (அப்ஸ்ட்ரீம்) திசை எண்டு சார்ட்டில பாத்து வைச்சிருங்கோ, தீவுகளுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போகேக்க அனுமானிக்க ஏலாது. ஸ்கிரீன்ல இருக்கிற மிதவையும் தண்ணியில இருக்கிற மிதவையும் ஒத்து வரேல்லையெண்டா உடன மெதுவாக்குங்கோ, குளிர்காலப் பனிக்கட்டி இழுத்திருக்கலாம், கோஸ்ட் கார்ட் இடம் மாத்தியிருக்கலாம், உங்கட சார்ட் அப்டேட் ஆகாமல் இருக்கலாம். வெள்ளைப் பிளாஸ்ரிக் போத்தல் ஒண்டு தனிய மிதக்கிறதைக் கண்டாலும் விலத்திப் போங்கோ, கொட்டேஜ்காரர் கல்லுக்கு அடையாளமாக் கட்டி விட்டிருப்பினம், அது எந்தச் சார்ட்டிலயும் இராது.

20 நொட்ல ஓடுற போட் செக்கனுக்கு 10 மீற்றர் போகுது. ஸ்கிரீனைக் குனிஞ்சு 5 செக்கன் பாத்தா 50 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு போன கணக்கு. அதால எங்கட போட்டில ஓட்டுற ஆள் ஸ்கிரீன் பாக்கிறேல்ல. மகள் பக்கத்தில இருந்து, "அப்பா, அடுத்தது பச்சை, இடப்பக்கம், தீவு முடியிற இடத்தில" எண்டு சொல்லுவாள், நான் அந்தப் பச்சையைக் கண்ணால கண்டு "கண்டிட்டன்" எண்டு சொன்னாப் பிறகுதான் அவள் அடுத்ததுக்குப் போவாள். காணேல்லையெண்டா வேகத்தைக் குறைச்சிடுவன், கேள்வி இல்ல. தனிய ஓட்டுறியள் எண்டா ஸ்கிரீனைப் பாக்க வேணுமெண்டால் முதல் மெதுவாக்கிப்போட்டுப் பாருங்கோ. இன்னொண்டு, ஜிபிஎஸ் காட்டுற திசை போட் போற திசை, மூக்கு பாக்கிற திசை இல்ல. காத்து பக்கவாட்டில தள்ளேக்க ரெண்டும் வேற வேற. நிண்டுகொண்டிருந்தா அந்த அம்பு சும்மா சுத்தும். மூக்கு எங்க பாக்குதெண்டதுக்கு ஒரு சாதாரண கொம்பஸ் பூட்டி வைச்சிருங்கோ.

போன் மட்டும் வைச்சு ஓடுறது சரி வராது. யூலை வெயில்ல டாஷ்ல வைச்ச போன் சூடேறித் தானே நிண்டிடும், வெளிச்சத்தில ஸ்கிரீன் தெரியாது, ஈரக் கையால தொட்டா ஸ்கிரீன் தன்ர பாட்டில எங்கயோ போகும். தீவுகளுக்குள்ள போன் சிக்னல் போய்ப் போய் வரும், சட்டலைட் சிக்னல் இருக்கும் ஆனா சார்ட்டை வீட்டிலயே டவுன்லோட் பண்ணி வைக்கேல்லையெண்டா வெறும் வெள்ளைத் திரையில ஒரு முக்கோணம்தான் தெரியும். 2202 கடதாசிச் சார்ட்டை ஒரு பிளாஸ்ரிக் கவருக்குள்ள போட்டு, கடந்து போற மிதவையளை விரலால தொட்டுக்கொண்டே போங்கோ, அப்ப ஸ்கிரீன் அணைஞ்சாலும் எங்க நிக்கிறியளெண்டு தெரியும். 1995 யூன்ல ரோயல் மெஜஸ்ரி எண்ட பெரிய பயணிகள் கப்பல் நான்ரக்கெற்றுக்குக் கிட்டத் திட்டில ஏறினது, ஜிபிஎஸ் அன்ரனா வயர் கழண்டு ஒரு நாளுக்கு மேல ஆகியும் ஒருத்தரும் கவனிக்கேல்ல, 17 மைல் விலகிப் போயிட்டினம். கருவி ஒருக்காலும் நிண்டு போகேல்ல, தன்ர கணக்கில தொடர்ந்து இடம் காட்டிக்கொண்டேதான் இருந்தது.

திரும்பி வாறதுக்கு, போகேக்க டிராக் போட்டு வைச்சிருந்தா அந்தப் புள்ளிக் கோட்டைப் பிடிச்சு வரலாம், அண்டைக்குப் போன வழியில தண்ணி இருந்ததெண்டு நிச்சயம் தெரியும். ஆனா பின்னேரம் சூரியன் முகத்துக்கு நேர இருந்தா கல்லும் தெரியாது மிதவையின்ர நிறமும் தெரியாது. வெயில் சரிய முதல் வெளிக்கிடுங்கோ.

கடைசியா, அவசரத்துக்கு. மான் ஓவர் போர்ட் பட்டன் எங்க இருக்கெண்டு போட்டில வாற எல்லாருக்கும் காட்டி வையுங்கோ, ஆள் விழுந்த உடன அமத்தினா அந்த இடம் பதிஞ்சிடும், ஆனா ஒராள் விழுந்தவரைக் கண் எடுக்காமல் பாத்துக்கொண்டே கையை நீட்டிக்கொண்டு நிக்கவேணும். விஎச்எஃப் ரேடியோ வைச்சிருந்தா அதுக்கு எம்எம்எஸ்ஐ எண்ட அடையாள நம்பரை இலவசமா எடுத்து, ஜிபிஎஸ்ஸோட இணைச்சு விடுங்கோ, அப்ப ரேடியோவில இருக்கிற சிவப்பு அவசரப் பட்டனை அமத்தினா இடமும் சேந்து போகும். ரேடியோ பாவிக்கிற ஆளுக்குச் சான்றிதழ் வேணும், அதையும் எடுங்கோ. வாயால இடம் சொல்ல வேண்டி வந்தா எந்த முறையில வாசிக்கிறியள் எண்டது முக்கியம். கூகிள் மாதிரியான ஆப்கள் பாகையைத் தசமத்தில காட்டும், கோஸ்ட் கார்ட் கேக்கிறது பாகையும் தசம நிமிசமும். 44.50 பாகை எண்டது 44 பாகை 30 நிமிசம். அதைப் பதட்டத்தில "44 பாகை 50" எண்டு வாசிச்சா 20 கடல் மைல், 37 கிலோமீற்றர், வடக்கில போய்த் தேடுவினம். சார்ட்பிளொட்டரிலயும் போன்லயும் ரெண்டிலயும் செட்டிங்கில போய் பாகையும் தசம நிமிசமும் எண்டு மாத்தி விடுங்கோ, ட்ரெய்லரைக் கொளுவ முதல் வீட்டு வாசல்ல வைச்சே செய்யலாம்.