எஸ்டெர்ஹாசி மாளிகைகள் மூன்று: எதில் தொடங்குவது?

வியன்னா போகிறவர்களில் பலர் ஐசென்ஸ்டாட் மாளிகையை மட்டும் பார்த்துவிட்டு, எஸ்டெர்ஹாசி குடும்பத்தையே பார்த்துவிட்ட நினைப்பில் திரும்புகிறார்கள். ஹங்கேரியின் மிகப் பெரிய நிலக்கிழார்களின் கதை அந்த ஒரு கட்டடத்தில் அடங்காது. ஃபோர்க்டென்ஸ்டைன் கோட்டை, ஐசென்ஸ்டாட், ஃபெர்ட்டோட் என்ற வரிசையில் போனால்தான் கதை கோவையாக வரும். முதல் இரண்டும் இன்று ஆஸ்திரியாவில், மூன்றாவது ஹங்கேரியில். 1921-இல் ஹங்கேரியின் மேற்கு விளிம்பான பர்கன்லாந்து ஆஸ்திரியாவுக்குப் போனபோது குடும்பச் சொத்தின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது.

வியன்னாவிலிருந்து வீனர் நோய்ஸ்டாட் வழியாக மாட்டர்ஸ்பர்க் வரை ரயில். அங்கிருந்து கோட்டைக்குப் பேருந்து. வார இறுதியில் பேருந்துகள் குறைவு என்பதால், திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே மலையேறுங்கள். குளிர்காலத்தில் கோட்டை வழக்கமாக மூடியிருக்கும்.

இக்குடும்பத்தை உயரத்துக்குக் கொண்டுவந்தவர், சாதாரணக் குறுநிலப் பிரபு வீட்டுப் பிள்ளையான மிக்லோஷ். அவர் புராட்டஸ்டன்ட் மதத்தைவிட்டுக் கத்தோலிக்கரானார். பெரும் சொத்துள்ள விதவைகளை அடுத்தடுத்து மணந்தார். 1622-இல் முங்காச் கோட்டையை விட்டுக்கொடுத்து, பேரரசரிடமிருந்து ஃபோர்க்டென்ஸ்டைனையும் ஐசென்ஸ்டாட்டையும் அடமானமாகப் பெற்றார். 1625-இல் மன்னருக்கு அடுத்த நிலையான பாலட்டின் பதவியும் அவருக்குக் கிடைத்தது.

1652-இல் வெசெகேனி போரில் துருக்கியரை எதிர்த்து இக்குடும்பத்தில் நால்வர் ஒரே நாளில் மாண்டார்கள். மிக்லோஷின் மகன் லாஸ்லோவும் அதில் போய்விட, 17 வயதுகூட நிரம்பாத தம்பி பால் குடும்பத் தலைவரானார். சொத்து கைமாறிவிடக் கூடாதென்று, போப்பின் அனுமதி பெற்று, முன்பே இறந்த இன்னொரு அண்ணன் இஷ்ட்வானின் மகளையே மணந்தார். 1687-இல் அவருக்கு இளவரசர் பட்டம் கிடைத்தது.

கோட்டையில் அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் மூதாதையர் ஓவியக்கூடம். வம்சத்தை ஹூணர்களின் மன்னன் ஆட்டிலாவரை கொண்டுபோன பால், 1700-இல் அதைப் படங்களோடு புத்தகமாகவே அச்சிட்டார். வாலாக்கியாவை (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) ஆண்ட விளாட் டிராகுலாவின் முழு உருவ ஓவியமும் இந்தக் கூடத்தில் தொங்குகிறது. கதை கற்பனையாக இருக்கலாம். ஆனால் புதிதாக உயர்ந்த குடும்பத்துக்குப் பழைய வேர் எவ்வளவு அவசியமாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எதுவும் இல்லை. ஆயுதக்கூடத்துக்கு வழிகாட்டியுடன்தான் போக வேண்டும், முன்பே கேட்டு வையுங்கள்.

ஐசென்ஸ்டாட்டை பால் 1663-இலிருந்து கட்டடக் கலைஞர் கார்லோ மார்ட்டினோ கார்லோனேயைக் கொண்டு மாற்றிக் கட்டினார். உள்ளே 38 மீட்டர் நீளமும் 14.7 மீட்டர் அகலமும் உள்ள ஹைடன் மண்டபம். இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன் 1761-இல் இங்கே பணியில் சேர்ந்தார். அவரது கல்லறை சற்றுத் தள்ளி பெர்க்கிர்ஷே தேவாலயத்தில் இருக்கிறது. 1809-இல் அவர் இறந்ததும் களவுபோன மண்டை ஓடு 1954-இல்தான் உடலோடு சேர்ந்தது.

ஃபெர்ட்டோட் போவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஐசென்ஸ்டாட்டிலிருந்து ரயிலேறி, வுல்காப்ரோடர்ஸ்டோர்ஃபில் வண்டி மாறி ஷோப்ரோன் வர வேண்டும்; அங்கிருந்து பேருந்து. ரயில்தான் வேண்டுமென்றால் ஃபெர்ட்டோசென்ட்மிக்லோஷ் நிலையத்தில் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து மாளிகைக்கு நான்கைந்து கிலோமீட்டர். ஷெங்கன் விசா இரு நாட்டுக்கும் செல்லும், ஆனால் ஹங்கேரியின் நாணயம் யூரோ அல்ல, ஃபோரின்ட். ஷோப்ரோனிலேயே கொஞ்சம் ஃபோரின்ட் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏரியை ஒட்டிய சதுப்பு நிலத்தில், ஒரு வேட்டை மாளிகையை 126 அறைகளுள்ள அரண்மனையாக வளர்த்தவர், பாலின் பேரனான இன்னொரு மிக்லோஷ்; 'மகத்தான' என்ற அடைமொழி பெற்றவர். இசை நாடக அரங்கு 1768-இல் திறந்தது, 1779-இல் எரிந்தது, மறுபடி கட்டப்பட்டது. 1773-இல் மரியா தெரேசாவே விருந்தினராக வந்தார். பெரும்பாலான இசைக்கலைஞர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாமல் மாதக்கணக்கில் இங்கே தங்க நேர்ந்தது. 1772-இல் ஹைடன் எழுதிய சிம்பொனியின் முடிவில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவது அந்த ஏக்கத்தை எஜமானருக்கு உணர்த்தத்தான். 1790-இல் மிக்லோஷ் இறந்ததும் மகன் ஆன்டால் இசைக்குழுவைக் கலைத்துவிட்டார். மாளிகையும் மெல்லக் கைவிடப்பட்டது.

அடுத்த தலைமுறையில் இரண்டாம் மிக்லோஷ் ஓவியங்களை வாங்கிக் குவித்தார், கடனும் குவிந்தது. 1871-இல் 637 ஓவியங்கள் ஹங்கேரி அரசுக்கு விற்கப்பட்டன. புடாபெஸ்ட் போகிறவர்கள் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவற்றில் ஒன்றான, இத்தாலிய ஓவியர் ரஃபேல் பாதியில் விட்ட எஸ்டெர்ஹாசி மடோனா என்ற மாதா ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். உயரம் 30 சென்டிமீட்டர்கூட இல்லாத படம், கூட்டத்தில் எளிதாகத் தவறிவிடும். திங்கட்கிழமை விடுமுறை.