டர்போ ஆயில் லைன்: ரப்பரா, செம்பா, டெஃப்லானா?

கசிவு நின்னுடுச்சு. முதல்ல அதைச் சொல்லிடுறேன். என் மாருதி எஸ்டீம் காரை நல்லா சூடேறும் வரை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கி, டர்போவுக்கு (என்ஜின் புகையோட வேகத்துல சுத்தி, என்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கிற கருவி) எண்ணெய் ஏறுற லைனை வெள்ளைத் துணியால துடைச்சுப் பார்த்தேன். துணி வெள்ளையாவே இருந்துச்சு.

வண்டி ஜி13பி பெட்ரோல் எஸ்டீம். டர்போ, புதுப்பேட்டையில எடுத்த கேபி35, 1.3 மல்டிஜெட் டீசல்ல வர்ற சின்னது. "டீசல் டர்போவைப் பெட்ரோல்ல மாட்டலாமா"ங்கிற சண்டை இன்னொரு நாளைக்கு. வண்டி ரோட்டுக்கு வராது. கம்பெனி குடுத்ததை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவும் 2019 ஜனவரி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் எனக்கும் தெரியும். தோப்புக்குள்ள ஓட்டம், பிறகு டிரெய்லர்ல ஏத்தி கோயம்புத்தூர் கரி டிராக், அவ்வளவுதான்.

ஆயில் லைன்னு கேட்டா மதுரையில முதல்ல கைக்குக் கிடைக்கிறது ஹைட்ராலிக் ஹோஸ்தான். புதூர் சிட்கோ பக்கம் ஜேசிபிக்கும் அறுவடை மெஷினுக்கும் ஹோஸ் முனையை அழுத்தி மாட்டுற (கிரிம்ப் பண்ற) அண்ணே ஒருத்தர் சிரிச்சே சிரிச்சுட்டார். "தம்பி, ஜேசிபி பக்கெட்டையே தூக்குற ஹோஸ் இது. உன் கார் ஆயிலைத் தாங்காதா?" பிரஷர்னு பார்த்தா அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கால் அங்குல ஒற்றைக் கம்பி ஹோஸ் 225 பார் வரைக்கும் வேலை செய்யும். என் என்ஜின் தர்றது 4, 5 பார். ஆனா அதே ஹோஸோட வெப்ப வரம்பு 100 டிகிரி. உள்ளே இருக்கிறது நைட்ரைல் ரப்பர். டர்போ லைனுக்கு எமன் பிரஷர் இல்லை, சூடு. அதுவும் வண்டி ஓடுறப்ப உள்ள சூடு இல்லை, நிறுத்தின பிறகு ஏறுற சூடு. ஓடும்போது எண்ணெயே சூட்டைக் கொண்டுபோயிடும். சாவியைத் திருப்பின நிமிஷம் ஓட்டம் நிக்குது. டர்போவோட புகைப் பக்கத்து (டர்பைன்) சூடு மொத்தமும் நடு ஹவுசிங் வழியா, லைன் டர்போல சேருற வளைய இணைப்பான பாஞ்சோவுக்கு ஊர்ந்து வருது. லைன்ல தேங்கின எண்ணெய் அங்கேயே கருகிக் கரியாகும்.

இதை அளக்கப் போய்த்தான் ஒரு வேடிக்கை. துப்பாக்கி மாதிரி இருக்கிற இன்ஃப்ராரெட் மீட்டரை பளபள ஸ்டீல் மேல காட்டினா பொய் சொல்லும். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரைக் கொஞ்சமாத்தான் வெளியிடும், அதனால நிஜத்தைவிட ரொம்பக் குறைச்சலா காட்டும். பாஞ்சோ மேல கே டைப் தெர்மோகப்பிளை (தொட்டு சூடு அளக்கிற சென்சார்) கம்பியால இறுக்கிக் கட்டின பிறகுதான் உண்மை தெரிஞ்சது. ஓடும்போது 110 பக்கம், நிறுத்தின பிறகு 170-ஐத் தாண்டி ஏறுது. நம்ம ஊர் சித்திரை வெயில் வேற. அந்த ஹோஸ்ல ஒரு துண்டை வெட்டி மேனிஃபோல்டு பக்கத்துல சும்மா தொங்கவிட்டிருந்தேன். அடுத்த வாரம் எடுத்து வளைச்சா உள் ரப்பர் விரிசல் விட்டுச்சு. அண்ணேகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். அப்பவும் ஒத்துக்கலை, "பழைய ஸ்டாக்கா இருக்கும்"னுட்டார்.

செம்புக் குழாய்: பழைய மெக்கானிக்குங்க எல்லாரும் சொல்றது. வளைக்க சுகம், சூடும் தாங்கும். ஆனா அதிர அதிர இறுகி, ஃபிளேர் (முனையை விரிச்சுவிட்ட இடம்) கழுத்துல கீறல் விடும். ஒரு சுத்து சுருளா விட்டா ஆயுசு கூடும். என் பானெட்டுக்குள்ள சுருளுக்கு இடமில்லை. 4.75 பிரேக் பைப் மலிவு, மோசமில்லை. ஆனா என்கிட்ட இருக்கிறது 45 டிகிரி ஃபிளேர் டூல், லைன் முனையில மாட்டுற இணைப்பு (ஃபிட்டிங்) 37 டிகிரி. ரெண்டும் சேராது. 6 மி.மீ. எஸ்எஸ் குழாய், ரெட்டை ஃபெரூல் (குழாயைக் கவ்வுற வளையம்) ஃபிட்டிங் போட்டா என்னைக் கேட்டா இதுதான் அழகு. ஆனா ரெண்டு முனையையும் விறைப்பா பிடிச்சா, மேனிஃபோல்டு சூட்டுல நீளுறப்ப எங்கயாவது ஒரு இடம் விரிசல் விடும்.

கடைசியில டெஃப்லான் ஹோஸ், மேலே எஸ்எஸ் பின்னல், நாலாம் நம்பர் சைஸ். எஸ்ஏஇ 100ஆர்14 தரத்துல 204 டிகிரி வரைக்கும் போகும். வாங்குறவங்க முனையைப் பார்த்து வாங்குங்க. பின்னல் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ரப்பர் இருக்கிற ஹோஸும் இதே விலையில வருது. ஆன்லைன்ல ஒரு விற்பனையாளர் எனக்கு அதைத்தான் டெஃப்லான்னு அனுப்பினார். உள்குழாய் தடியா, நகத்தால அழுத்தினா குழிவிழுற மாதிரி இருந்தா ரப்பர். மெல்லிசா, விறைப்பா இருந்தா டெஃப்லான். கறுப்பு டெஃப்லானும் உண்டு, ஸ்டாட்டிக் மின்சாரம் தேங்காம இருக்க கார்பன் கலந்தது. அது பெட்ரோலுக்கு முக்கியம், எண்ணெய்க்கு வெள்ளையே போதும்.

இப்போ ஃபிட்டிங். என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். முதல்ல ரெண்டு முனை ஃபிட்டிங்கோட நட்டையும் ஹோஸ்ல ஏத்திடணும், பின்னல் பிரிஞ்ச பிறகு ஏறவே ஏறாது. வெட்டுற இடத்துல இன்சுலேஷன் டேப்பை இழுத்துச் சுத்தி, 1 மி.மீ. கட்டிங் வீலால ஒரே மூச்சுல வெட்டணும். ஹாக்ஸா பிளேடு பின்னலைப் பிய்ச்சு எறியும். உளி குழாயை நசுக்கும். வீல் பட்டா டெஃப்லான் கருகும், அந்தப் புகையும் தூசியும் கெட்டது. கையில தூசியோட பீடி சிகரெட் பிடிச்சா காய்ச்சலே வரும், நிஜமா. முகத்துல மாஸ்க், பக்கத்துல யாரும் புகைக்கக் கூடாது.

அடுத்தது ஆலிவ். பித்தளையில வர்ற அந்தச் சின்ன வளையம் பின்னலுக்கு உள்ளே, டெஃப்லானுக்கு வெளியே உட்காரணும். ஊசிமுனைக் கம்பியால பின்னலைச் சுத்திச் சுத்தி விரிச்சு, பூ மலர்ந்த மாதிரி ஆன பிறகு ஆலிவைத் தள்ளணும். முடியளவு கம்பி ஒண்ணே ஒண்ணு ஆலிவுக்கும் டெஃப்லானுக்கும் நடுவுல மாட்டினாலும் கசியும். கண்ணுக்குத் தெரியாது. என் கசிவு அத்தனையும் இதனாலதான். கடைசியில கைகொடுத்தது, வாட்ச் கடைக்காரங்க கண்ணுல மாட்டுற லென்ஸ். பிளேடால டெஃப்லான் ஓரத்தைச் சீவி, முனையைச் சுடுதண்ணியில காட்டி இளக்கி, ஹோஸுக்குள்ள நுழையுற ஃபிட்டிங் குழலுக்கு (நிப்பிள்) எண்ணெய் தடவி, வைஸ்ல அலுமினியத் தகடு வச்சுப் பிடிச்சு நேரா இறக்கினேன். ஒரு முனையை அடைச்சு, மறுமுனையில கம்ப்ரஸர் காத்து குடுத்து வாளித் தண்ணியில முக்கினா பதில் உடனே தெரிஞ்சுடும். விரல் நுனியெல்லாம் கம்பி குத்தின புள்ளிகள், சாப்பாட்டுல ரசம் ஊத்தினா எரியுது.

என்ஜின் பக்கம் ஆயில் பிரஷர் சுவிட்ச் ஓட்டையிலிருந்து டீ (மூணு வழி இணைப்பு) போட்டு எடுத்திருக்கேன். மரை 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை), அங்குலத்துக்கு 28. கடையில "ரெண்டும் ஒண்ணுதான்"னு நீட்டுறது 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), அங்குலத்துக்கு 27. ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் பிளாக் மரையைத் தின்னும். டெஃப்லான் ஹோஸ் சரி, டெஃப்லான் டேப் மட்டும் கூடவே கூடாது. பிய்ஞ்ச துணுக்கு நேரா பேரிங் ஓட்டையை அடைக்கும். லட்சம் ஆர்பிஎம்முக்கு மேல சுத்துற ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்துல மிதக்குது. திரவ சீலன்ட் ஒரு துளி போதும், முதல் ரெண்டு மரையை விட்டுட்டு. எண்ணெயைக் குறைக்கிற ரெஸ்ட்ரிக்டர் போடலை, இது குண்டு இல்லாத, எண்ணெய்ப் படலத்துல சுத்துற ஜர்னல் பேரிங். பால் பேரிங்கா இருந்தா ஒரு மி.மீ. பக்கம் ஓட்டை வச்சுப் போட்டிருப்பேன்.

டர்போ முனையில கடைசி ஒரு சாணுக்கு மட்டும் ஃபயர் ஸ்லீவ் (சூடு தடுக்கிற உறை) போடப்போறேன், கோயம்புத்தூர்ல சொல்லி வச்சிருக்கு. அதுக்குள்ள மனசு நிரந்தர ரிட்டர்ன் லைனுக்கு (டர்போவிலிருந்து எண்ணெய் என்ஜினுக்குத் திரும்புற வழி) தாவிடுச்சு. அது பிரஷர் இல்லாம தானா இறங்கணும், நுரையோட வரும், 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது, கீழ்நோக்கிச் சரிவாவே போகணும். சாதா சிலிக்கான் ஹோஸ் எண்ணெய்க்கு ஆகாது, உள்ளே ஃபுளோரோ பூச்சு உள்ளதா தேடிக்கிட்டிருக்கேன். சம்ப்ல (என்ஜின் அடியில எண்ணெய் தேங்குற தொட்டி) அந்த லைனை மாட்டுற போஸ் வெல்டிங் பண்ண கப்பலூர்ல ஆள் பேசியாச்சு, சம்பைக் கழட்டணும்.

டெஃப்லான் ஹோஸ் ஒன்றரை மீட்டர் மிச்சம் இருக்கு. மதுரைப் பக்கம் யாருக்காவது வேணும்னா வாங்குன விலைக்கே தர்றேன். ஆலிவ் புதுசா நீங்களே வாங்கிக்கணும், ஒருதடவை இறுக்கினதைத் திரும்பப் போடக் கூடாது.